பழைய விண்டோஸுக்குப் புதிய மென்பொருள்

தேவாரத்துக்கும் கோம்பைக்கும் இடையே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த பண்ணைப்புரத்தை இளையராஜா பிறந்த ஊர் என்று உலகம் அறியும். அவ்வூரையும் அதைச் சூழ்ந்த கம்பம் பள்ளத்தாக்கையும் அன்றாடம் நடத்திச் செல்பவையோ, முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் விளையும் நெல்லும், திராட்சைத் தோட்டங்களும், எல்லைக்கு அப்பால் மலைமேல் காய்த்துப் போடிநாயக்கனூருக்கு ஏலத்துக்கு இறங்கி வரும் ஏலக்காயும், இவற்றுக்கெல்லாம் கணக்கு எழுதியும் பில் அடித்தும் கல்யாணப் பத்திரிகை அச்சிட்டும் பிழைக்கும் எண்ணிறந்த சிறு தொழில்களுமே ஆகும். அச்சிறு தொழில்களில் கணினி இல்லாத இடம் இப்பொழுது அரிது. அந்தக் கணினி புதியதாக இருக்கும் இடமும் அரிது. பத்துப் பன்னிரண்டு வருஷங்களுக்கு முன்பு வாங்கி, அன்று அதனுடன் வந்த விண்டோஸ் 7-ஐ இன்றளவும் சுமந்துகொண்டு, காலையில் தூசி தட்டி இயக்கினால் மாலைவரை முகம் சுளிக்காமல் உழைக்கும் இயந்திரம் அது. டிடிபி வேலை நடக்கும் அச்சகங்களில் அதற்கும் முந்திய விண்டோஸ் எக்ஸ்பியும் உயிரோடு இருக்கக் காணலாம். இதை நான் இப்பகுதியின் பின்தங்கிய நிலைக்கு அடையாளமாகக் கொள்ளவில்லை. வேலை செய்கிற ஒரு கருவியை வேலை செய்கிற காலம்வரை வைத்துக்கொள்வது விவேகமுள்ள குடும்பஸ்தர்களின் வழக்கம்.

சங்கடம் எப்பொழுது நேருகிறது என்றால், அந்தக் கணினியில் புதிதாக ஒரு மென்பொருளை நிறுவ முற்படும்போதுதான். நிறுவல் பாதிவரை சரியாக நடந்து, பின்பு ஒரு சிறு பெட்டி தோன்றி, இன்ன 'புரொசீஜர் என்ட்ரி பாயின்ட்' கெர்னல்32 என்னும் கோப்பில் அகப்படவில்லை என்று ஆங்கிலத்தில் அறிவித்துவிட்டு மறைந்துவிடுகிறது. பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோனால், "சிஸ்டம் ரொம்பப் பழசுண்ணே, புதுசா மாத்திருங்க" என்று சொல்லிவிடுவார். அவர் பொய் சொல்லவில்லை. ஆயினும் அந்தப் பதில் பல சந்தர்ப்பங்களில் உண்மையின் பாதிதான். இயந்திரத்தில் பழுதில்லை, விண்டோஸிலும் பழுதில்லை. அந்த மென்பொருளை எழுதியவர் இன்னும் சிறிது சிரத்தை எடுத்துக்கொண்டிருந்தால் அது அங்கேயே ஓடியிருக்கும் என்பதுதான் மற்ற பாதி. அந்தச் சிரத்தை எத்தகையது, அது எவ்வளவு தூரம் சாத்தியம், எங்கே அது நின்றுவிட வேண்டும் என்பவற்றைச் சாதாரண வாசகருக்கும் விளங்கும்படி சொல்வதே என் நோக்கம். அதிலும் தமிழில் இயங்கும் மென்பொருளைப் பொறுத்தமட்டில், பழைய கணினியை அரவணைப்பது கூடுதலாகச் செய்யும் உபகாரமன்று. கணினியில் தமிழ் எழுத்துப் பரவியதே அந்த அரவணைப்பினால்தான் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

பொருத்தம் என்று பொதுவாகச் சொல்லப்படும் இவ்விஷயத்தில் இரண்டு திசைகள் இருக்கின்றன. பழைய மென்பொருள் புதிய இயங்குதளத்தில் ஓட வேண்டும் என்பது ஒன்று. அது இயங்குதளத்தைச் செய்பவரின் கடமை. புதிய மென்பொருள் பழைய இயங்குதளத்திலும் ஓட வேண்டும் என்பது மற்றொன்று. அது மென்பொருளைச் செய்பவரின் கடமை.

முதல் கடமையை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் நெடுங்காலம் வியக்கத்தக்க பொறுமையோடு செய்து வந்தது. சிம்சிட்டி என்னும் விளையாட்டு நிரலில், இனி வேண்டாம் என்று விடுவித்துவிட்ட நினைவகத்தையே மறுபடியும் எடுத்துப் படிக்கும் பிழை ஒன்று இருந்தது. பழைய விண்டோஸில் அது வெளியே தெரியாமல் ஓடியது, விண்டோஸ் 95-ல் ஓடாது. பிழை தம்முடையதன்று என்று ஒதுங்கிவிடாமல், அந்த விளையாட்டு ஓடுகிறதா என்று கவனித்து, ஓடும்போது மட்டும் விடுவிக்கப்பட்ட நினைவகத்தை உடனே பறித்துக்கொள்ளாத ஏற்பாட்டை விண்டோஸ் 95-க்குள் அவர்கள் வைத்தார்கள் என்று, அவ்விளையாட்டை விண்டோஸுக்கு மாற்றியவர் சொன்னதாக நிரலாளரும் எழுத்தாளருமான ஜோயல் ஸ்போல்ஸ்கி எழுதியிருக்கிறார். இன்னொரு விஷயத்தை அந்நிறுவனத்திலேயே நெடுநாள் பணியாற்றிய ரேமண்ட் சென் சொல்லியிருக்கிறார். விண்டோஸ் 3.10 அல்லது அதற்கு மேற்பட்டது வேண்டும் என்று சோதிக்க விரும்பிய பல நிரல்கள், முதல் எண் 3-க்குக் குறையாமலும் இரண்டாம் எண் 10-க்குக் குறையாமலும் இருக்கிறதா என்று தனித்தனியே பார்த்தன. 4.0 என்று பதில் வந்தால் இரண்டாம் எண் சுழியமாகிவிடும் அல்லவா? புதிய விண்டோஸைப் பழையது என்று கருதி அவை ஓட மறுத்தன. ஆகவே விண்டோஸ் 95, பழைய 16 பிட் நிரல்கள் கேட்கும்போது மட்டும், தன் எண்ணை 3.95 என்று சொல்லிக்கொண்டது. பிற்காலத்து விண்டோஸ் 8.1-ம் இதே உபாயத்தைக் கையாண்டது. தன்னை அறிந்ததாக அறிவித்துக்கொள்ளாத நிரல்களிடம் அது தன்னை விண்டோஸ் 8 என்றே சொல்லும். எண்ணைக் கேட்டு முடிவு செய்யாதே, வேண்டிய வசதி இருக்கிறதா என்று நேரே கேள் என்று அனுபவமுள்ள நிரலாளர்கள் இளையவர்களுக்குச் சொல்லும் புத்தி இத்தகைய அவதிகளிலிருந்து பிறந்ததே.

இனி இரண்டாம் கடமைக்கு வருவோம். எந்த மென்பொருளும் தன் வேலை முழுவதையும் தானே செய்துகொள்வதில்லை. கோப்பைத் திறப்பது, திரையில் எழுதுவது, மணி பார்ப்பது போன்ற ஆயிரம் காரியங்களுக்கு அது இயங்குதளத்தின் உள்ளே இருக்கும் சிறு சிறு பணிக்கூறுகளை அழைக்கிறது. அப்படித் தான் அழைக்கப்போகும் பணிக்கூறுகளின் பெயர்ப் பட்டியல் ஒன்று அதன் கோப்பிலேயே எழுதப்பட்டிருக்கும். நிரலை இயக்கியவுடன், அதன் முதல் வரிகூட ஓடுவதற்கு முன்பாகவே, விண்டோஸ் அப்பட்டியலைப் படித்து, ஒவ்வொரு பெயரும் தன்னிடம் இருக்கிறதா என்று சரிபார்க்கிறது. கல்யாண வீட்டில் சமையற்காரர் கொடுத்த சாமான் சீட்டில் ஒரே ஒரு பொருள் குறைந்துவிட்டது என்பதற்காக, அது கடைசிப் பந்தியில் பரிமாறும் ஒரு பட்சணத்துக்கு மட்டுமே வேண்டியதாக இருந்தபோதிலும், அடுப்பையே மூட்டமாட்டேன் என்று அவர் உட்கார்ந்துவிட்டால் எப்படியோ, அப்படித்தான் இங்கே நடக்கிறது.

ஓர் உதாரணத்தைச் சற்று நின்று பார்ப்பது நல்லது. கணினி இயக்கப்பட்டதிலிருந்து எவ்வளவு நேரம் கழிந்தது என்று மில்லி விநாடியில் சொல்லும் 'கெட்டிக்கவுன்ட்' என்னும் பணிக்கூறு விண்டோஸில் ஆதிமுதல் உண்டு. அது 32 பிட் எண்ணில் எண்ணுவதால் ஏறத்தாழ 49.7 நாட்களில் எண்ணிக்கை நிரம்பி மறுபடியும் சுழியத்திலிருந்து தொடங்கிவிடும். அணைக்காமலே ஓடும் கணினிகளில் இதனால் விபரீதமான பிழைகள் நேர்ந்திருக்கின்றன. அக்குறையைத் தீர்க்க 'கெட்டிக்கவுன்ட்64' என்று 64 பிட் எண்ணில் எண்ணும் புதிய பணிக்கூறு விண்டோஸ் விஸ்டாவுடன் வந்தது. நிரலாளர் புதியதைப் பயன்படுத்துவது நியாயமே. ஆனால் அதன் பெயர் பட்டியலில் ஏறிய கணமே அந்த மென்பொருள் எக்ஸ்பியில் திறக்காது. பில் அடிக்கும் மென்பொருளுக்கு 49 நாள் கணக்கால் ஒரு பாதிப்பும் இல்லாதிருந்தாலும் திறக்காது. பரிகாரம் மிக எளியது. பெயரைப் பட்டியலில் எழுதாமல், நிரல் ஓடத் தொடங்கிய பிற்பாடு, 'கெட்ப்ராக்அட்ரஸ்' என்ற வழியால், இப்பணிக்கூறு உன்னிடம் இருக்கிறதா என்று விண்டோஸைக் கேட்பது. இருந்தால் அதை அழைப்பது, இல்லையெனில் பழையதை அழைத்து, எண்ணிக்கை சுழன்று வருவதைத் தானே கவனித்துக்கொள்வது. பத்து வரியில் அடங்கும் வேலை இது. அந்தப் பத்து வரியால் ஓர் அச்சகத்தின் கணினி இன்னும் சில வருஷம் வாழும் என்றால், அதை எழுதாமல் விடுவதற்கு என்ன சமாதானம் சொல்ல முடியும்?

ஆனால் எல்லாக் குற்றத்தையும் நிரலாளர்மேல் சுமத்துவதும் தகாது. அவர் எழுதியதை ஓடும் நிரலாக்கும் தொகுப்பிகளும், அவர் எடுத்தாளும் ஆயத்த நூலகங்களும் அவருக்குத் தெரியாமலேயே அவருடைய நிரலைப் புதிய விண்டோஸுக்கு மட்டும் உரியதாக்கிவிடுகின்றன. 2012-ல் வெளிவந்த விஷுவல் ஸ்டூடியோ என்னும் மைக்ரோசாஃப்ட் கருவித்தொகுப்பு, எக்ஸ்பியில் ஓடக்கூடிய சி++ நிரலைச் செய்யும் வசதி இல்லாமலே வந்தது. எக்ஸ்பிக்கு அப்பொழுது மைக்ரோசாஃப்டின் ஆதரவு முடியவே இல்லை, 2014 ஏப்ரல் 8-ல்தான் முடிந்தது. நிரலாளர்கள் முறையிட்ட பின்னர் 2012 இறுதியில் வந்த திருத்தத்தில் வசதி திரும்பக் கிடைத்தது. பைத்தான் மொழியில் எழுதுபவருக்கு விண்டோஸ் 7-ல் ஓடும் கடைசிப் பதிப்பு 3.8; கோ மொழியில் 1.20, ரஸ்ட் மொழியோ 1.78 முதல் விண்டோஸ் 10-ஐக் கேட்கிறது. இணைய உலாவியின் உள்ளுறுப்புகளையே எடுத்து மேசைக்கணினி மென்பொருள் செய்ய உதவும் எலக்ட்ரான் என்ற கருவியை இன்று அநேகர் விரும்புகிறார்கள். கூகுள் குரோம் 2023-ல் 109-ஆம் பதிப்போடு விண்டோஸ் 7-ஐக் கைவிட்டபோது, எலக்ட்ரானும் 22-ஆம் பதிப்போடு கைவிட்டது. அதன்மீது கட்டப்பட்ட மென்பொருள்கள், அவற்றைச் செய்தவர்கள் ஒரு வார்த்தைகூட மாற்றாமலேயே, அடுத்த பதிப்பில் விண்டோஸ் 7-ஐ இழந்தன. ஆகவே, யாருக்காக எழுதுகிறோம், அவர் கையில் எந்தக் கணினி இருக்கிறது என்ற கேள்வி, முதல் வரியை எழுதுமுன், கருவியைத் தேர்ந்தெடுக்கும்போதே கேட்கப்பட வேண்டியது. அப்படிக் கேட்டவர்கள் இல்லாமலில்லை. விஎல்சி என்னும் படக்காட்சி மென்பொருளின் மூன்றாம் பெரும் பதிப்பு 2018-ல் வெளியானபோதும் எக்ஸ்பியில் ஓடியது. கோப்புகளைச் சுருக்கும் 7-சிப், அதைவிடப் பழைய விண்டோஸையும் மறக்கவில்லை. இரண்டுமே உலகமெங்கும் இலவசமாக வழங்கப்படுபவை, இரண்டுமே சிறந்தவை.

இவ்வளவும் எந்த மொழிக்கும் பொது. தமிழுக்கு வரும்போது விஷயம் இன்னும் ஆழமாகிறது. இந்தப் பகுதியைத்தான் நான் விஸ்தாரமாகச் சொல்ல விரும்புகிறேன்.

விண்டோஸ் 95, 98 ஆகியவற்றின் உள்ளமைப்பு, ஓர் எழுத்துக்கு ஒரு பைட் என்னும் பழைய முறையில் அமைந்தது. எழுத்தைக் கையாளும் பணிக்கூறுகள் பலவும் இரட்டையாக இருக்கும்: 'ஏ' என்று முடிவது பழைய முறைக்கு, 'டபிள்யூ' என்று முடிவது, பல மொழி எழுத்துகளையும் ஒரே பட்டியலில் அடக்கும் யூனிகோடு முறைக்கு. விண்டோஸ் 98-ல் டபிள்யூ வகையில் பெரும்பாலானவை பெயரளவில் இருந்தனவேயன்றி, அழைத்தால் வேலை செய்யா. ஐரோப்பிய மொழிகளும் அரபும் ரஷ்யனும், ஏன் தாய்லாந்து மொழியும்கூட, எழுத்துகளுக்கு எண் வகுக்கும் அட்டவணையாகிய குறிப்பக்கம் ஒன்றைப் பழைய முறையில் தமக்கென்று விண்டோஸில் பெற்றிருந்தமையால் ஏ வகையைக் கொண்டே காலம் தள்ளின. தமிழுக்கு அப்படி ஒரு குறிப்பக்கம் விண்டோஸில் என்றுமே இருந்ததில்லை. 1991-ல் யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றுவிட்டது என்றாலும், அதைத் திரையில் ஒழுங்காகக் காட்டும் ஆற்றல் 2000-ஆம் ஆண்டில் வந்த விண்டோஸ் 2000-ல்தான், லதா என்னும் எழுத்துருவோடு வந்து சேர்ந்தது. அதுவரை தமிழர்கள் காத்திருக்கவில்லை. கனடாவிலிருந்து சீனிவாசன் 1984-ல் டாஸ் கணினிக்கு ஆதமி என்னும் தமிழ் மென்பொருளைச் செய்தார். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985 முதல் முரசு மென்பொருளை வளர்த்தார். சுவிட்சர்லாந்திலிருந்து கல்யாணசுந்தரம் 1993-ல் மயிலை எழுத்துருவை வழங்கினார். 1999-ல் சென்னையில் கூடிய தமிழ்இணையம் மாநாடு தமிழ்99 விசைப்பலகைக்கு வழி செய்தது. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை ஏற்றி வைத்த பாமினி போன்ற எழுத்துருக்கள் அச்சகங்களில் நிலைத்தன.

ஆகவே 2000-ஆம் ஆண்டில் யூனிகோடு தமிழ் கைக்கு வந்தபோது, நாட்டில் இருந்த கணினிகளில் மிகப்பல அதை அறியாதவை. அந்நிலையில் புதிய விண்டோஸ் வாங்கியவருக்கு மட்டுமே தமிழ் என்று நமது மென்பொருளாளர்கள் இருந்துவிட்டிருந்தால், இணையத்தில் தமிழ் இவ்வளவு வேகமாகத் தழைத்திருக்குமா என்பது சந்தேகமே. சென்னையைச் சேர்ந்த விசுவநாதன் 2000-ல் வெளியிட்ட அழகி என்னும் தமிழ் மென்பொருள், அக்காலத்து விண்டோஸ் 98-லும், பின்னர் வந்த விண்டோஸ் பதிப்புகள் ஒவ்வொன்றிலும் இயங்குமாறு பேணப்பட்டு வந்தது. அதிராம்பட்டினத்து உமர் தம்பி, தேனீ என்ற யூனிகோடு எழுத்துருவைச் செய்ததோடு நில்லாமல், இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் உலாவி பக்கத்தோடு கூடவே இறக்கிக்கொள்ளும் இயங்கு எழுத்துருவாகவும் அதை ஆக்கிக் கொடுத்தார். கணினியில் தமிழ் எழுத்துருவே நிறுவாதவர்களும், விண்டோஸ் 98 வைத்திருந்தவர்களும், அதனால் தமிழ்ப் பக்கங்களைப் படித்தார்கள். 2006-ல், ஐம்பத்து மூன்று வயதில் அவர் மறைந்தது தமிழ்க் கணிமைக்கு நேர்ந்த பெரும் நஷ்டம். மைக்ரோசாஃப்டினுள்ளும் இந்தக் கவலை கொண்ட ஒருவர் இருந்தார்: மைக்கேல் காப்லான். யூனிகோடு முறையில் எழுதிய நிரலை விண்டோஸ் 95, 98-லும் ஓடச் செய்யும் இடைநூலகம் ஒன்று 2001-ல் வெளிவந்ததற்கும், வேண்டியவர் வேண்டிய மொழிக்கு விசைப்பலகை வகுத்துக்கொள்ளும் கருவி ஒன்றுக்கும் அவர் உழைப்பு காரணம். அந்த இடைநூலகம், டபிள்யூ அழைப்பை வாங்கி, விண்டோஸ் 98-க்குப் புரியும் ஏ அழைப்பாக மாற்றி அனுப்பி, விடையைத் திரும்ப யூனிகோடாக்கிக் கொடுக்கும். தமிழுக்கு அது முழுப் பரிகாரம் ஆகவில்லை. குறிப்பக்கம் இல்லாத மொழியை ஏ அழைப்பாக மாற்றினால் எஞ்சுவது கேள்விக்குறிகள்தாம். எனவே தமிழ் மென்பொருள்கள் எழுத்தை வரைவதற்குத் தனி ஏற்பாடு செய்துகொள்ள வேண்டியிருந்தது.

எக்ஸ்பி வந்த பின்னும் சிரமம் தீரவில்லை. தமிழைக் காட்டும் ஆற்றல் அதில் உண்டு; ஆனால் தொடக்கத்தில் உறங்கிக் கிடக்கும். கண்ட்ரோல் பேனலில் மொழிகளுக்கான பகுதிக்குச் சென்று, சிக்கல் எழுத்து மொழிகளுக்கான ஆதரவு என்ற கட்டத்தில் குறியிட்டு, விண்டோஸ் சிடியை உள்ளே போட்டு, கணினியை மறுபடி இயக்க வேண்டும். கணினி வாங்கியபோது சிடியே கொடுக்கப்படாதவர்கள் எத்தனை பேர்! அவர்கள் திரையில் தமிழ் கட்டங்களாகவும், கொம்பும் காலும் இடம் மாறியும் தோன்றிற்று. விஸ்டாவில்தான் இது தானாகவே விழித்திருக்கும் நிலை வந்தது.

இன்று தமிழ் மென்பொருள் எழுதும் இளைஞருக்கு இவை பழங்கதையாகத் தோன்றலாம். ஆனால் இதே சிக்கல் வேறு வேஷத்தில் இன்றும் எதிர்ப்படுகிறது. தமிழரான உதயகுமார் வரைந்த ரூபாய்க் குறியை இந்திய அரசு 2010 ஜூலையில் ஏற்றது; அதே ஆண்டு அக்டோபரில் அது யூனிகோடில் சேர்ந்தது. விண்டோஸ் 7 அதற்கு முந்திய ஆண்டே வெளிவந்துவிட்டது. மைக்ரோசாஃப்ட் பின்னர் கொடுத்த திருத்தத்தை நிறுவாத விண்டோஸ் 7-லும், எக்ஸ்பியிலும், ஏலக்காய்க் கடையின் பில்லில் தொகைக்கு முன்னால் ஒரு வெறுங்கட்டம்தான் அச்சாகும். அதேபோல் 'ஶ' என்னும் எழுத்து 2005-ல்தான் யூனிகோடில் சேர்ந்தது. அதைக் கொண்டு உண்டாக்கும் 'ஶ்ரீ', 2001-ல் வந்த எக்ஸ்பியின் எழுத்துருவில் அமைய வழியில்லை. கல்யாணப் பத்திரிகையின் முதல் சொல்லே கட்டமாகிவிட்டால் அச்சகத்தார் என்ன செய்வார்? நிரலாளர் நினைத்தால் இரண்டையும் சுலபமாகத் தீர்க்கலாம். அச்சிடுமுன், இவ்வெழுத்து இவ்வெழுத்துருவில் இருக்கிறதா என்று விண்டோஸைக் கேட்கும் பணிக்கூறு விண்டோஸ் 2000 முதலே உண்டு. இல்லை என்று விடை வந்தால், ரூபாய்க் குறிக்குப் பதில் 'ரூ.' என்றும், 'ஶ்ரீ'க்குப் பதில் ஸகரத்தில் தொடங்கும் 'ஸ்ரீ' என்றும் எழுதிவிடலாம். அல்லது நல்ல தமிழ் எழுத்துரு ஒன்றை மென்பொருளோடு கூடவே அனுப்பிவிடலாம்.

பழையதைப் பேணுவதற்கும் ஓர் எல்லை உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. ஆதரவு முடிந்த விண்டோஸில் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகள் அடைக்கப்படுவதில்லை. 2017 மே மாதத்தில் வானாகிரை என்னும் தீநிரல் உலகெங்கும் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டபோது, ஆதரவு முடிந்து மூன்று வருஷம் ஆன எக்ஸ்பிக்கும் மைக்ரோசாஃப்ட் அவசரத் திருத்தம் வெளியிட நேர்ந்தது. அப்படிப்பட்ட தயவை ஒவ்வொரு முறையும் எதிர்பார்க்க முடியாது. இணையத்தில் அந்தரங்கமாகப் பேசுவதற்குரிய மறைகுறி முறையில் டிஎல்எஸ் 1.2 என்பது இன்று அடிப்படை. எக்ஸ்பியினிடம் அது இல்லை. விண்டோஸ் 7-ல் இருந்தாலும் பல மென்பொருள்களுக்குத் தானாகத் திறந்திருப்பதில்லை. மென்பொருள் தன் மறைகுறி நூலகத்தைத் தன்னோடே எடுத்துச் சென்றால் இத்தடையைக் கடக்கலாம் என்றாலும், பழைய விண்டோஸின் மற்ற ஓட்டைகளை அது அடைத்துவிடாது. ஆகவே பத்திரிகை வடிவமைக்கவும், சரக்குக் கணக்கு வைக்கவும் பழைய கணினியை நிம்மதியாகப் பயன்படுத்தலாம். வங்கிக் கணக்கைத் திறக்கவும் வரி விவரம் அனுப்பவும் அதைப் பயன்படுத்தலாகாது. இவ்விஷயத்தில் நான் சற்றும் விட்டுக்கொடுக்கமாட்டேன். கூடுமானால் அக்கணினியை இணையத்திலிருந்தே விலக்கி வைத்து, பென் டிரைவ் வழியாக வந்துபோகும் கோப்புகளை வேறொரு கணினியில் சோதித்த பின்பு ஏற்றுவது உத்தமம்.

'புதிய விண்டோஸுக்கு மாறுங்கள்' என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் 2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கும் பொது ஆதரவு முடிந்துவிட்டது. அதன் அடுத்த படியாகிய விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லையும், இன்டெல் ஆனால் பொதுவாக எட்டாம் தலைமுறைச் செயலியையும் நிபந்தனையாகக் கேட்கிறது. எட்டாம் தலைமுறை சந்தைக்கு வந்ததே 2017-ல்தான். அதற்கு முந்திய இயந்திரங்களுக்கு, அவை எவ்வளவு திடமாக இருந்தாலும், முறையான வழியில் அந்தப் படியில் ஏற இடமில்லை. 2011-ல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்ததை வாசகர்களில் சிலர் நினைவுகூரலாம். சி-டாக் நிறுவனம் செய்த அதையோ வேறு லினக்ஸ் ஒன்றையோ ஏற்றுவது பழைய இயந்திரத்துக்கு நல்ல மறுவாழ்வு. அங்கும் நிரலாளரின் கடமை மாறுவதில்லை. புதிய லினக்ஸில் தொகுத்த நிரல், புதிய சி நூலகத்தின் பதிப்பைக் கேட்டுப் பழைய லினக்ஸில் நின்றுவிடும். பழைய லினக்ஸில் தொகுத்ததோ பெரும்பாலும் புதியதிலும் தடையின்றி ஓடும். எனவே, ஆதரிக்க விரும்பும் மிகப் பழைய பதிப்பில் உட்கார்ந்து தொகுப்பதே அங்குள்ள சம்பிரதாயம்.

அச்சகத்தார் ஏன் எக்ஸ்பியை விடமாட்டேன் என்கிறார் என்பதற்கும் காரணம் உண்டு. அவருடைய வேலை முழுதும் பேஜ்மேக்கர் கோப்புகளில், பாமினி போன்ற எழுத்துருக்களில் கிடக்கிறது. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பாகிய 7, 2001-ல் வெளிவந்தது. அது யூனிகோடு அறியாதது. பல வருஷங்களாக ஒரே வீட்டுக்கு அக்காள் கல்யாணம், தங்கை கல்யாணம், காதுகுத்து என்று அடித்துக் கொடுத்த பத்திரிகைகளைத் திறந்து, பெயரையும் தேதியையும் மட்டும் மாற்றும் சௌகரியத்தை அவர் எப்படி இழப்பார்? அவரைப் புதிய மென்பொருளுக்கு அழைக்க விரும்புகிறவர், அவருடைய பழைய எழுத்தை யூனிகோடாக்கும் மாற்றியையும் உடன் கொண்டுவர வேண்டும். சென்னை நியூ ஹொரைசன் மீடியாவின் என்ஹெச்எம் கன்வெர்ட்டர் போன்றவை அவ்வேலையைச் செய்து வந்திருக்கின்றன. பழைய கணினியில் ஓடுவது எவ்வளவு முக்கியமோ, பழைய கோப்பைப் படிப்பது அதைவிட முக்கியம் என்றே சொல்வேன்; கணினியைப் பணம் கொடுத்தால் மறுபடி வாங்கலாம்.

இவற்றையெல்லாம் செய்தோம் என்று சொல்லிக்கொள்வது போதாது. ஓட்டிப் பார்க்க வேண்டும். மெய்நிகர் கணினியாக ஒரு எக்ஸ்பியையும், திருத்தம் எதுவும் ஏற்றாத ஒரு விண்டோஸ் 7-ஐயும், அதில் 32 பிட் வகையையும் மறவாமல், தம் கணினிக்குள்ளேயே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பதிப்பையும் வெளியிடுமுன் அவற்றில் நிறுவிப் பார்ப்பவரே இவ்வேலையில் தேர்ந்தவர். அப்படியும் ஒரு நாள், இனிமேல் பழைய விண்டோஸை ஆதரிக்க இயலாது என்ற நிர்ப்பந்தம் வரத்தான் செய்யும். அப்பொழுது, விண்டோஸ் 7-ல் ஓடும் கடைசிப் பதிப்பு எது என்பதைத் தெளிவாக எழுதி, அதை எவரும் எடுத்துக்கொள்ளும்படி தொடர்ந்து வைத்திருக்க வேண்டும். பைத்தானின் பழைய பதிப்புகள் எல்லாம் அப்படித்தான் இன்றும் கிடைக்கின்றன. புதிய நிறுவல் கோப்பும், பழைய கணினியில் திறந்தால் புரியாத ஆங்கிலப் பிழையைக் காட்டாமல், உங்களுக்குரிய பதிப்பு இது, இங்கே கிடைக்கும் என்று தமிழில் சொல்ல வேண்டும். அதற்கு அந்நிறுவல் கோப்பு எக்ஸ்பியிலும் திறக்கும்படி செய்யப்பட்டிருக்க வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும். தமிழ் ஆதரவு உறங்கிக் கிடக்கும் எக்ஸ்பியில் அந்தத் தமிழ் வாக்கியமும் கட்டங்களாகிவிடும் என்பதையும் நினைவில் கொண்டு, வாக்கியத்தை எழுத்தாக வைக்காமல் படமாக வரைந்து உள்ளே வைத்துவிடுவது நலம்.